பாறணை இல்லாத விரதம்

18.08.1985, ஞாயிறு

நேற்றுத் திருவிழாக் கச்சேரி முடிந்து வீடு வரப் பொழுது விடிந்துவிட்டது. வான் வண்டிக்குள் கோழித்தூக்கம். இன்று பகல் முழுவதும் காதுக்குள் ஜெனரேற்றர் இரைகிறது.

சண்டை நிறுத்தம் வந்த பிறகு கோயில்களெல்லாம் விட்டுப்போன திருவிழாக்களையும் சேர்த்துச் செய்கின்றன போலிருக்கிறது. ஆழ்வாப்பிள்ளையின் ‘நீலவானம்’ இசைக்குழுவுக்கு மூச்சு விட நேரமில்லை. அதன் பாடகி என் மகள் பத்மாசினி என்றபடியால் பென்சன் எடுத்த எனக்கும் இல்லை. குமர்ப்பிள்ளையை மேடைக்குத் தனியே அனுப்புகிற வழக்கம் எங்களிடம் கிடையாது. தாய் இருந்தால் தாய் போவாள். மீனாம்பிகை போய்ச் சேர்ந்துவிட்டதால் நான் போகிறேன். என் இடம் எல்லா ஊரிலும் ஒன்றுதான்: ஜெனரேற்றருக்குப் பக்கத்தில் ஒரு மடக்குக் கதிரை, மடியில் பிளாஸ்க், காலடியில் இரண்டு சோற்றுப் பார்சல்.

நேற்று சனம் கடல் போல. தார்ப் பீப்பாக்களின் மேல் பலகை அடித்த மேடை. பத்மா ஏறும்போது முன்வரிசையில் ஒருவன் கத்தினான்: “டேய், மேடை தாங்குமோ? இன்னும் ரண்டு பீப்பா வையுங்கோடா!”

சனம் சிரித்தது. அறிவிப்பாளர் பகிடி விடும்போதெல்லாம் ட்றம்ஸ் அடிக்கிற சிமியோன் ஓர் உருட்டு உருட்டுவானே, அதே உருட்டை இதற்கும் உருட்டிவிட்டான். சிரிப்பு இரண்டு மடங்காயிற்று. பத்மாவும் சிரித்தாள். பிறகு பாடினாள். மூன்று பாட்டுக்கு வன்ஸ் மோர்.

வரும் வழியில் சொன்னேன்: “சனம் பகிடிக்குச் சொல்லுறதுதானே பிள்ளை. காய்க்கிற மாவுக்குத்தானே கல்லெறி.”

“ஓமப்பா,” என்றாள். சோற்றுப் பார்சலைப் பிரிக்கவில்லை. களைப்பாக இருக்கும்.

30.08.1985, வெள்ளி

பத்மாவோடு கொடிகாமம் சந்தைக்குப் போனேன். பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்துக் கசெற் கடையில் அவளுடைய குரல் பாடிக்கொண்டிருந்தது. எந்தக் கோயிலில் யார் பிடித்த பதிவோ தெரியாது. நடுவில் நாய் குரைப்பதும் கேட்டது. எனக்குப் பெருமையாக இருந்தது. ஆறே ஓடாத இந்த ஊரில் முப்பது வருடம் ஆறுகளைப் பற்றிப் படிப்பித்தவன் நான். ஒரு பிள்ளைகூட என் பாடத்தைப் பதிவு செய்து இரண்டாம் தரம் கேட்டதில்லை.

கடை வாசலில் இரண்டு பெடியள். ஒருவன் சொன்னான்: “என்ன குரல் மச்சான்! ஆள் கொடி மாதிரி இருப்பாள் போலை.”

மற்றவன்: “நீ நேரிலை பாக்கேல்லை. கொடிதான், பூசணிக்கொடி.”

நாங்கள் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறோம். பத்மா குடையைத் தாழ்த்திப் பிடித்திருந்தாள். நான் “தம்பிமார்” என்று வாயெடுத்தேன். அவள் என் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். “வாங்கோ அப்பா, பஸ் போயிடும்.”

பஸ்ஸுக்குள்ளும் அவள் பாட்டுத்தான். யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு வந்தாள்.

இன்று முதல் வெள்ளி விரதம் பிடிக்கப் போகிறாளாம். தாய் பிடித்த விரதம். நல்லது.

21.09.1985, சனி

புரட்டாதிச் சனி. செவ்வாய், வெள்ளி, சனி மூன்றும் இப்போது அவளுக்கு விரத நாள். வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் என் தமக்கை நாகேஸ்வரி கிணற்றடியில் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள்: “மேடையிலை ஏறிப் பாடினாலும் எங்கடை பிள்ளை பக்தியை விடேல்லை, பாருங்கோ.” கேட்க இனித்தது. புகழ் வந்தவர்களுக்குத் தலை கனக்கும் என்பார்கள். இவளுக்கு வயிறல்லவா சுருங்கியிருக்கிறது என்று நானும் பகிடியாகச் சொன்னேன்.

பின்னேரம் சிமியோன் ஒரு கசெற் கொண்டுவந்தான். பாசையூர்ப் பொடியன், மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரர், தகப்பன் கடலுக்குப் போகிறவர். விறாந்தைத் திண்ணைக் கட்டின் மேல் இருந்தான். தேத்தண்ணி அவனுக்கென்று தனியாக இருக்கிற கிளாசில் போயிற்று. அது அக்காவின் ஏற்பாடு. நான் ஒருநாளும் ஏன் என்று கேட்டதில்லை.

“பத்மா இல்லையோ மாஸ்டர்?”

உள்ளேதான் இருந்தாள். வரவில்லை. ஆடி மாதம் வரை இவனுடைய சைக்கிள் மணி கேட்டால் உள்ளே பவுடர், கண்ணாடி வைத்த பெட்டி திறந்து மூடுகிற சத்தம் கேட்கும். நான் கண்டும் காணாததுபோல் இருந்தேன். பென்சன் எடுத்தாலும் வாத்தியாருக்கு வகுப்பின் கடைசி வாங்கில் நடப்பது தெரியாமல் போகுமா? இப்போது அந்தச் சத்தம் இல்லை. கோபமாக இருக்கலாம். வயசுப்பிள்ளைகள், ஆறிவிடும்.

தேத்தண்ணியில் பாதியை விட்டுவிட்டுப் போனான்.

24.10.1985, வியாழன்

நவராத்திரி முடிய, கௌரி விரதம் தொடங்கிவிட்டாள். இருபத்தொரு நாள்.

அக்கா சொன்னாள்: “ஒரு நேரம் சோறு சாப்பிடலாம் பிள்ளை. கௌரிக்கு அது குற்றமில்லை.”

“இல்லை மாமி, பழம் மட்டும் காணும்.”

காலையில் தாயின் தையல் மெசின் சத்தம். பழைய சட்டைகளைப் பிடித்துத் தைக்கிறாள்.

02.11.1985, சனி

பட்டணத்தில் ரெக்கோடிங் பாரில் கசெற்றுக்குப் பாட்டுப் பதிவு. நீளமான ஓர் இழுப்பு. அவள் அதை வீட்டில் சோறு வடித்துக்கொண்டே பாடுவாள். இன்று பாதியில் குரல் நின்றது. திரும்பவும் பாடினாள். அதே இடத்தில் நின்றது.

ஆழ்வாப்பிள்ளை ஆர்மோனியத்தை மூடிவிட்டுக் கேட்டார்: “மூச்சை எங்கை தங்கச்சி விட்டிட்டு வந்தனீ?”

யாரும் சிரிக்கவில்லை. சிமியோன் தன் தடிகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு ஆழ்வாப்பிள்ளை என்னைத் தனியே கூட்டிப்போய், “அட்டைக்கு ஒரு ரோசாப்பூப் படம் போடுவம் மாஸ்டர். சனம் குரலை வாங்கட்டும். என்ன சொல்லுறியள்?” என்றார்.

“ரோசாவும் வடிவுதானே,” என்றேன். திரும்பினால் பத்மா பின்னால் நிற்கிறாள்.

ஏன் அப்படிச் சொன்னேன்? என் பிள்ளையின் முகத்துக்குப் பதிலாக ஒரு பூவை வைக்கிறேன் என்கிறான். அது எனக்கு உடனே விளங்கவில்லையே. பஸ்ஸில் அவளுடைய கண்ணைப் பார்த்த பிறகுதான் விளங்கியது.

13.11.1985, புதன்

நேற்றோடு கௌரி விரதம் முடிந்தது. கோயிலில் ஐயர் காப்பு நூல் கட்டிவிட்டார். இன்று கந்தசட்டி தொடக்கம். அதையும் பிடிக்கிறாள். பாலும் பழமும்கூட வேண்டாமாம், தண்ணீர் மட்டும்.

கிணற்றடியில் வாளியைத் தூக்கும்போது மணிக்கட்டில் கட்டிய காப்பு முழங்கை வரை சறுக்கி இறங்கியது. ஐயர் தளர்வாகக் கட்டிவிட்டார் என்று நினைத்தேன். பிறகு குளித்த இடத்து வாய்க்காலில் தலைமயிர் கொத்தாகக் கிடந்தது.

ஐயர் தளர்வாகக் கட்டவில்லை.

15.11.1985, வெள்ளி

பத்மா கோயிலுக்குப் போயிருந்தாள். அது தெரிந்துதான் வந்தானோ என்னவோ, சிமியோன் வந்தான். கட்டின் மேல் இருக்கவில்லை, சைக்கிளைப் பிடித்தபடி நின்றான்.

“மாஸ்டர், ஒண்டு கேட்டால் கோவிக்க மாட்டியளே?”

“கேள் தம்பி.”

“எங்களுக்கும் தவசுகாலம் இருக்கு. நாப்பது நாள். அம்மா ஒரு நேரச் சாப்பாடுதான். ஆனால் யேசு உயிர்த்த பாஸ்கா அண்டைக்கு விடியப் பூசை முடிய, எங்கள் எல்லாருக்கும் முதல் அவதான் சாப்பிடுவா. உங்கடை விரதங்களிலை அப்பிடி ஒண்டு இல்லையோ?”

“இருக்கே. பாறணை எண்டு சொல்லுறது. பாறணை செய்யாட்டில் விரதம் பிடிச்ச பலனே இல்லை.”

“அப்ப, பத்மா கடைசியா எப்ப மாஸ்டர் பாறணை செய்தவ?”

விரல் மடித்து எண்ணிப் பார்த்தேன்.

செவ்வாய் முடிந்தால் வெள்ளி. வெள்ளி முடிந்தால் சனி. சனி முடிந்தால் நவராத்திரி, கௌரி, சட்டி. பள்ளிக்கூட அஞ்சலோட்டத்தில் தடி கைமாறுவதுபோல ஒரு விரதம் அவளை அடுத்த விரதத்தின் கையில் கொடுத்திருக்கிறது. நடுவில் ஒரு சோற்று இலை விழவில்லை. நாங்கள் ஓரத்தில் நின்று கை தட்டியிருக்கிறோம்.

அவன் போகவில்லை. “அண்டைக்குக் கத்தினவனை விட நான்தான் மாஸ்டர் பிழை. பகிடி கேட்டால் கை தானாப் போயிடும், பழக்கம். அடிச்சு முடிச்ச பிறகுதான் ஆருக்கு அடிச்சன் எண்டு விளங்கினது. அவ ஒருக்காத் திரும்பிப் பாத்தா. அதுக்குப் பிறகு பாக்கேல்லை. சொல்லுவம் எண்டு எத்தினை தரம் வந்தன். உங்கடை விறாந்தை வரைக்கும்தானே எனக்கு வரலாம்.”

கடைசி வசனத்தை அவன் குறையாகச் சொல்லவில்லை. தூரம் சொல்வதுபோலச் சொன்னான்.

16.11.1985, சனி

பத்மாவிடம் கதைத்தேன். கதைத்தேனா? பாடம் நடத்தினேன்.

எங்கள் மண்ணுக்குக் கீழே நல்ல தண்ணீர் உவர்த் தண்ணீரின் மேல் மெல்லிசாக மிதக்கிறது, அளவுக்கு மிஞ்சி இறைத்தால் அடியில் இருக்கும் உவர் மேலே ஏறிவிடும், பிறகு எத்தனை மழை பெய்தாலும் மாற வருடக்கணக்காகும் – இப்படிச் சொல்லிக்கொண்டு போனேன்.

“அப்பா,” என்றாள். “நான் கிணறு இல்லை.”

நிறுத்திவிட்டேன்.

“எல்லாருக்கும் குரல்தானே அப்பா வேணும். மிச்சத்தை என்ன செய்யிறது? குறைச்சுப் பாத்தன்.” பிறகு, “சிமியோனும் மேளம் அடிச்சுச் சிரிச்சவர்தானே,” என்றாள்.

கை தானாகப் போனதாம், தன் பிழை என்று வந்து சொன்னான் என்றேன். விரதத்தை இப்போதே விடு என்றதற்கு, கடவுளுக்குச் சொன்ன சொல்லை எப்படி அப்பா விடுறது என்று திருப்பிக் கேட்டாள். இளநீர் மட்டும் குடிக்கச் சம்மதித்தாள்.

மிச்சம் எண்டாளே. என்ரை பிள்ளை தன்னைத்தானே மிச்சம் எண்டு சொல்லுறாளே! என்ன வாத்தியார் நான்? மீனாம்பி, நீ இருந்திருந்தால் சட்டை தைக்கிற அண்டைக்கே பிடிச்சிருப்பாய். எனக்கு மெசின் சத்தம் கேட்டது. என்னத்துக்கு எண்டு கேட்கத் தெரியேல்லை.

17.11.1985, ஞாயிறு

சொல்லை விடச் சொல்வதால் பயனில்லை. சொல்லை முடிக்க வைக்க வேண்டும்.

எங்கள் வீட்டு வழக்கம்: சட்டிப் பாறணைக்கு ஒரு விருந்தாளியை உள்ளே இருத்தி இலை போட்ட பிறகுதான் விரதகாரி இலையில் இருக்கலாம். ஒவ்வொரு வருடமும் சொந்தக்காரரில் ஒருவரைக் கூப்பிடுவோம். இந்த வருடம் யாரைக் கூப்பிடப் போகிறேன் என்று அக்காவிடம் சொன்னேன்.

“உனக்கு மூளை பிசகிப் போச்சோ தம்பி? கந்தசட்டிப் பாறணைக்கு வேதக்காரப் பொடியனோ? அதுவும் கடலுக்குப் போற வீட்டிலையிருந்து?”

“விருந்தாளிக்குப் பசி இருக்கோ எண்டுதான் அக்கா பாக்கிறது.”

“ஊர் கதைக்கும்.”

“ஊர் கதைச்சதாலைதான் பிள்ளை உந்த நிலையிலை கிடக்குது.”

படலையை அடித்துச் சாத்திவிட்டுப் போனாள். சமையலுக்கு ஆள் இல்லை. எனக்குச் சோறும் பருப்பும் வைக்கத் தெரியும். போதும்.

19.11.1985, செவ்வாய்

விடியற்காலை குசினியில் புகை. எட்டிப் பார்த்தால் அக்கா அடுப்படியில்.

“பாக்காதை. உனக்கு அகத்தியிலை வறை வைக்கத் தெரியாது, அதுக்குத்தான் வந்தனான்.”

சிமியோன் வெள்ளைச் சட்டையோடு வந்தான். பழக்கத்தில் விறாந்தைக் கட்டின் மேல் போய் இருந்தான். “உள்ளை வா தம்பி,” என்றேன். படியில் நின்று ஒருமுறை அக்காவைப் பார்த்தான். அக்கா அவனைப் பார்க்காமல், நடுக்கூடத்தில் இலையை விரித்துத் தண்ணீர் தெளித்தாள்.

இரண்டு இலை. ஒன்றின் முன்னால் அவன். மற்றதுக்குப் பின்னால் கதவைப் பிடித்தபடி பத்மா.

அவன் சோற்றில் கை வைக்கவில்லை. “பத்மா இருக்கட்டும்.”

“விருந்தாளி தொடங்கட்டும்,” என்றாள் அவள்.

சோறு ஆறிக்கொண்டிருந்தது. அக்காவுக்குத்தான் முதலில் பொறுமை போயிற்று. “ரண்டு பேரும் என்ன, கச்சேரியோ நடத்துறியள்? நான் சாமத்திலை எழும்பி வெங்காயம் போடாமல் சமைச்சது வேடிக்கை பாக்கவோ?”

சிமியோன் தலையைக் குனிந்தபடி சொன்னான்: “அண்டைக்கு அடிச்சது கைதான், நான் இல்லை எண்டு சொல்ல வரேல்லை. கையும் என்ரைதான். பிழை, பத்மா.”

வெகுநேரம் அவள் அவன் கையையே பார்த்தாள். பிறகு, “இன்னொருக்கா அடிச்சால் தடியை முறிச்சு அடுப்புக்கை வைப்பன்,” என்று சொல்லிவிட்டு இலையின் முன்னால் இருந்தாள்.

முதலில் அகத்தி. பிறகு கொஞ்சச் சோறு. விழுங்குவதற்குப் பட்ட பாட்டை எழுத மாட்டேன்.

“உப்புக் கூடிப்போச்சு மாமி.”

“உன்ரை கண்ணீர் விழுந்திருக்கும். பேசாமல் சாப்பிடு,” என்றாள் அக்கா. அவள் கண்ணும் அடுப்புப் புகையில் சிவந்ததல்ல.

தேத்தண்ணி கொடுக்கும்போது அந்தத் தனிக் கிளாசை நான் தேடினேன். அலுமாரியில் இல்லை. அக்காவிடம் கேட்கவில்லை.

05.12.1985, வியாழன்

ஒரு பாறணையோடு எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஆகவில்லை. இரண்டு நாள் சாப்பிடுகிறாள், மூன்றாம் நாள் இலையில் இருப்பதைக் காகத்துக்கு வைக்கிறாள். சாவகச்சேரியில் ஒரு லேடி டொக்டர் பார்க்கிறா. “வற்புறுத்தாதையுங்கோ மாஸ்டர், பக்கத்திலை இருந்து நீங்களும் சாப்பிடுங்கோ,” என்றா. இருக்கிறேன். உதாரணம் எதுவும் சொல்லுவதில்லை. நாக்கைக் கடித்துக்கொள்கிறேன்.

இன்று அவளே கேட்டாள்: “என்னப்பா, பேசாமல் இருக்கிறியள்? ஆறு, மலை ஒண்டும் இல்லையோ?”

“இல்லைப் பிள்ளை. புளிக்கஞ்சி நல்லாயிருக்கு.”

சிரித்தாள்.

14.01.1986, தைப்பொங்கல்

பானை அடியில் பிடித்ததை அகப்பையால் சுரண்டித் தின்றாள். இன்றைக்கு இந்த ஒரு வரி காணும்.

20.02.1986, வியாழன்

ஆழ்வாப்பிள்ளை கசெற்றோடு வந்தார். அட்டையில் சிவப்பு ரோசா. நல்ல விற்பனையாம். அடுத்ததுக்கும் பாட்டுகளைத் தெரிவு செய்துவிட்டாராம்.

பத்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “அடுத்ததுக்கு என்ரை படம் போடுங்கோ அண்ணை.”

“அதுக்கென்ன, பாப்பம் தங்கச்சி…”

“இல்லாட்டில் ரோசாப்பூவையே பாடச் சொல்லுங்கோ.”

மனுசன் தேத்தண்ணியைக் கையில் வைத்தபடி என்னைப் பார்த்தார். நான் வேலியில் நின்ற ஓணானைப் பார்த்தேன்.

26.03.1986, புதன்

நேற்றுப் பங்குனித் திருவிழாக் கச்சேரி. இப்போது இரவில் வைக்கப் பயம், ஆமியின் ஹெலிகொப்டர் சுற்றுகிறது. பின்னேரம் மூன்று மணிக்கே தொடங்கிவிட்டார்கள். வெயிலில் எல்லா முகமும் தெரிந்தது. இருட்டில் கத்துகிறவனுக்கு முகம் இல்லை, நேற்று இருந்தது.

பத்மாவின் உடம்பு முந்தி இருந்ததும் இல்லை, மார்கழியில் இருந்ததும் இல்லை. சட்டைகளைத் திரும்பவும் பிரித்துத் தைத்திருக்கிறாள். பச்சைச் சேலை. ஏறினாள்.

“மேடை கவனம்!” என்று ஒருவன். சிலர் சிரிக்கத் தொடங்கினார்கள்.

நான் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். பிளாஸ்க் உருண்டு போயிற்று. சிமியோனின் இரண்டு தடியும் மேலே போயின. அங்கேயே நின்றன. பிறகு மெல்ல இறக்கி மடியில் வைத்தான். உருட்டு வரவில்லை. சிரித்தவர்களின் சிரிப்பு இடம் தெரியாமல் பாதியில் நின்றது.

பத்மா ஒலிவாங்கியைப் பிடித்தாள். “முதிரைப் பலகை, அண்ணை. சந்தேகம் எண்டால் நீங்களும் வந்து ஏறி நில்லுங்கோ. ரண்டு பேரையும் தாங்கும்.”

சனம் வெடித்துச் சிரித்தது. கத்தினவனுக்குப் பக்கத்தில் நின்றவர்கள் அவனைப் பிடித்து மேடைப் பக்கம் தள்ளுகிறார்கள். பத்மா திரும்பிச் சிமியோனைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள்.

அவன் அப்போதுதான் அடித்தான். இவ்வளவு நீளமான உருட்டை நான் எந்தக் கோயிலிலும் கேட்டதில்லை. ஆழ்வாப்பிள்ளை திரும்பி முறைத்தும் நிறுத்தவில்லை.

அந்த நீளமான இழுப்பையும் பாடினாள். நான் என் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். எனக்குத்தான் முதலில் மூச்சு முடிந்தது.

30.03.1986, ஞாயிறு

பாஸ்கா. சிமியோனின் தாய் லூர்த்தம்மா எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தா. அக்கா வரமாட்டேன் என்று முதல் நாள் முழுக்கச் சொல்லிவிட்டு, காலையில் எங்களுக்கு முன்னே சேலை உடுத்துக்கொண்டு படலையில் நின்றாள்.

முற்றத்தில் வலை காய்ந்தது. குசினிக்கு வெளியே தனியாக மூன்று கல் வைத்து, புதுச் சட்டிகளில் மரக்கறிச் சமையல்.

“மீன் படாத சட்டி, மாஸ்டர். நேற்றுத்தான் வாங்கினது. அகப்பையும் புதுசு,” என்றா லூர்த்தம்மா. அக்கா சட்டியைத் தட்டிப் பார்த்து, “நல்ல சூளையிலை சுட்டது,” என்று மட்டும் சொன்னாள். பிறகு இரண்டு பேரும் கத்தரிக்காயின் விலையைப் பற்றிக் கதைக்கத் தொடங்கி, எங்களை மறந்துபோனார்கள்.

நாப்பது நாள் ஒரு நேரம் சாப்பிட்ட மனுசி எல்லாருக்கும் முதல் தன் சோற்றுக் கோப்பையை எடுத்தா. ஒரு வாய் வைத்துவிட்டு, பத்மா பக்கத்தில் இடம் ஒதுக்கி, “வா பிள்ளை, என்னோடை இரு,” என்றா. சிமியோன் எங்களுக்குத் தண்ணீர் வார்த்துக்கொண்டு நின்றான்.

நான் பத்மாவின் கோப்பையைப் பார்க்காமல் சாப்பிடப் பழகியிருக்கிறேன். கடலைப் பார்த்தபடி சாப்பிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் பக்கத்தில், லூர்த்தம்மாவை நோக்கி அவளுடைய குரல் கேட்டது. மேடைக் குரல் அல்ல, வீட்டுக் குரல்.

“மாமி, இன்னும் ஒரு அகப்பை போடுங்கோ.”